சிறைவாசலில் நின்று படிக்கும் வரலாறு

இரஷ்ய நாட்டு வரலாற்றைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் 1917-ஆம் ஆண்டைக் கத்தியாகக் கொண்டு அதனை இரு கூறாக வெட்டிவிடுகின்றனர். ஒரு சாரார்க்கு அவ்வாண்டிற்கு முன் இருந்ததெல்லாம் இருள், பின் வந்ததெல்லாம் விடியல். மற்றொரு சாரார்க்கோ முன் இருந்தது ஆலயமணியும் நறும்புகையும் நிறைந்த புனித நாடு, பின் வந்தது நரகம். தமிழ்க் கத்தோலிக்கராகிய நம்மிடையே இவ்விரு வாசிப்புகளும் ஒருங்கே வேரூன்றியிருந்தன. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் நம் கைகளுக்கு வந்த ‘தாய்’, ‘புத்துயிர்ப்பு’, ‘வெண்ணிற இரவுகள்’ முதலிய நூல்கள் இரஷ்ய மண்ணின் மீது நமக்கு ஆழ்ந்த பற்றை வளர்த்தன. அவற்றோடு வந்த வரலாற்று நூல்கள் முதல் வாசிப்பைக் கற்பித்தன. மறுபுறம், பாத்திமா அன்னையின் பெயரால் இரஷ்யா மனந்திரும்ப வேண்டுமென்று நம் வீடுகளில் செபமாலை சொல்லப்பட்டது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1930-இல், திருப்பலிக்குப் பின் சொல்லப்பட்டு வந்த செபங்களை இரஷ்ய மக்களுக்காக ஒப்புக்கொடுக்குமாறு பணித்திருந்தார். அச்செபங்களின் வழியே இரண்டாம் வாசிப்பு நம்முள் நுழைந்தது.

இவ்விரு வாசிப்புகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே ஒரு பாதியைக் குற்றமற்றதாக்கி, மறுபாதியின் மேல் பழி முழுவதையும் சுமத்துகின்றன. அரண்மனையிலிருந்தோ கட்சி அலுவலகத்திலிருந்தோ வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் இக்குறையிலிருந்து தப்ப இயலாது. சிறைவாசலில் நின்று படித்தால் என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்பும் வினா. அதற்குத் துணையாக இரஷ்ய இலக்கியம் மூன்று பெருநூல்களை நமக்கு அளித்துள்ளது. 1860 முதல் 1862 வரை தொடராக வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் ‘இறந்தோர் இல்லக் குறிப்புகள்’, 1895-இல் நூல்வடிவம் பெற்ற செக்காவின் ‘சகலின் தீவு’, 1973-இல் பாரிசில் வெளியான சோல்செனித்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ ஆகியனவே அவை. முதல் இரண்டும் ஜார் மன்னர் காலத்துச் சிறைகளையும், மூன்றாவது சோவியத்து காலத்து முகாம்களையும் பற்றியவை. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, 1917-இன் வெட்டுக்கோட்டைத் தாண்டி ஓடும் ஒரு நீண்ட நிழல் புலப்படும்.

தலையணைக்கடியில் நற்செய்தி

தஸ்தயேவ்ஸ்கி 1849-இல் கைது செய்யப்பட்டார். தடைசெய்யப்பட்ட கருத்துகளைக் கூடிப் பேசிய ஒரு குழுவில் இடம்பெற்றிருந்ததே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவ்வாண்டு டிசம்பரில் கொலைக்களத்தில் நிறுத்தி, துப்பாக்கிகளை உயர்த்திய பின்னரே, மன்னர் முதலாம் நிக்கோலாஸ் தண்டனையைக் குறைத்தார் என்ற செய்தி வாசிக்கப்பட்டது. அந்த நாடகம் முழுவதும் முன்னரே திட்டமிடப்பட்டது. பின்னர் நான்காண்டுகள் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரச் சிறையில் காலில் விலங்கோடு கழித்தார். செல்லும் வழியில் தொபோல்ஸ்க் நகரில், முந்தைய தலைமுறை அரசியல் கைதிகளின் மனைவியர் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டு நூலைக் கொடுத்தனர். சிறையில் அவர் வைத்திருக்க அனுமதி பெற்ற நூல் அதுவே. தலையணைக்கடியில் அதை வைத்துக் காத்த அவர், இறக்கும் வரை அதைப் பிரியவில்லை.

நூலின் கதைசொல்லி, மனைவியைக் கொன்ற குற்றத்திற்காகச் சிறைப்பட்டவனாகப் படைக்கப்பட்டுள்ளான். தணிக்கையாளரின் கண்ணுக்கு அணிவித்த முகமூடி அது என்பதைப் படிப்போர் விரைவில் உணர்ந்துவிடுவர். நூலின் வலிமை அதன் சிறு காட்சிகளில் உள்ளது. தாகெஸ்தான் மலைநாட்டு இசுலாமிய இளைஞனான அலேய் என்பவனுக்குக் கதைசொல்லி புதிய ஏற்பாட்டைக் கொண்டு எழுத்துக் கற்பிக்கிறான். மலைப்பொழிவைப் படித்து முடித்த அவ்விளைஞன், பகைவரை மன்னிக்கச் சொல்லும் இடத்தில் நெகிழ்ந்துபோகிறான். இயேசு களிமண்ணால் பறவை செய்து உயிரூட்டியதாகத் தம் நூல்களில் உள்ளதை அவன் அண்ணன்மார் மகிழ்வோடு எடுத்துரைக்கின்றனர். சமயங்கள் சந்திக்கும் இடமாக ஒரு சிறைக்கொட்டடியைக் காட்டும் இப்பகுதி, சமய உரையாடல் பற்றிப் பேசும் எவரும் படிக்க வேண்டியது.

வேறொரு காட்சியில், வேலைக்களத்திலிருந்து திரும்பும் கைதியின் பின்னே ஒரு சிறுமி ஓடிவந்து, கிறிஸ்துவின் பெயரால் ஒரு செப்புக்காசைக் கையில் வைத்துவிட்டுச் செல்கிறாள். அவன் அதை நெடுநாள் செலவிடாமல் வைத்திருக்கிறான். இரஷ்ய எளிய மக்கள் கைதிகளைக் குற்றவாளிகள் என்னாமல் ‘பேறிழந்தோர்’ என்றே அழைத்தனர் என்று தஸ்தயேவ்ஸ்கி வியந்து குறிப்பிடுகிறார். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதைத் தம்மையே சந்திப்பதாக ஏற்கும் ஆண்டவரின் போதனை, இறையியல் நூல் எதையும் தொடாத மக்களின் நாவில் ஒரு சொல்லாகக் குடியேறியிருந்தது.

ஆனால் அதே நூலில் அரசின் முகம் எவ்வாறு உள்ளது? காசநோயால் உருக்குலைந்து மருத்துவமனையில் இறக்கும் மிக்கைலவ் என்ற கைதியின் காலில் உயிர் பிரியும்வரை விலங்கு பூட்டப்பட்டே இருக்கிறது. எலும்பும் தோலுமான அவ்வுடலிலிருந்து, இறந்த பின்னரே அதைக் கழற்றக் கொல்லனை அழைக்கின்றனர். அருகிலிருந்த கைதி ஒருவன், இவனுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்று நினைவுகூர்கிறான். மணியோசை நிறைந்த புனித இரஷ்யாவைக் கனவு காண்போர் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்லலாகாது.

இரு எழுத்தாளர், இரு தீவுகள்

1890-இல், முப்பது வயதில், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த செக்காவ் இரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள சகலின் தீவுக்குப் புறப்பட்டார். சைபீரிய இருப்புப்பாதைப் பணி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. வண்டியிலும் படகிலுமாக இரண்டரை மாதங்களுக்கு மேல் பயணம் செய்தார். அவரை எவரும் அனுப்பவில்லை. மருத்துவராகிய தாம் மருத்துவ இயலுக்குப் பட்ட கடனை அடைக்கவே செல்வதாக நண்பர்க்கு எழுதினார்.

அத்தீவில் மூன்று மாதங்கள் தங்கி, தண்டனைக் கைதிகளையும் குடியேற்றவாசிகளையும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். உள்ளூர்க் காவல்துறை அச்சகத்தில் அச்சிட்ட அட்டைகளில் ஏறத்தாழ 10,000 பேரின் விவரங்களைத் தம் கையால் நிரப்பினார். அரசியல் கைதிகளோடு மட்டும் பேச அனுமதி கிட்டவில்லை. கணக்கின் முடிவைவிட, கணக்கெடுக்கும்போது கிட்டும் சந்திப்புகளே தமக்கு முக்கியம் என்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் கேட்பதற்கு அந்த அட்டை ஒரு காரணமாயிற்று.

அவ்வாறு ஒரு குடிசையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்திக்கிறார். தந்தையின் பெயரை அவனால் சொல்ல இயலவில்லை. வீட்டிலிருப்பவர் தன் உண்மைத் தந்தையல்லர் என்கிறான். தாய் கைம்பெண் என்றும், கணவன் காரணமாகவே இங்கு வந்தாள் என்றும் கூறுகிறான். காரணம் என்னவென்று கேட்டதற்கு, அவள்தான் அவனைக் கொன்றாள் என்கிறான், அன்றாடச் செய்தி ஒன்றைச் சொல்வது போல. செக்காவ் இதற்கு உரையேதும் எழுதவில்லை. பெண் கைதிகளை அதிகாரிகள் குடியேற்றவாசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த முறையையும், ஒரு கைதிக்கு 90 கசையடி கொடுக்கப்பட்டதையும் அதே அடங்கிய குரலில் எழுதுகிறார். அடி எண்ணப்படும் ஓசையைத் தாங்காது அவர் வெளியே சென்றுவிடுகிறார். எண்ணிக்கை மட்டும் சுவருக்கு அப்பாலும் கேட்கிறது. ஆழ்ந்த சமயப்பற்றுடையவர் என்று செக்காவைக் கூற இயலாது. எனினும் நல்ல சமாரியர் உவமையில் வரும் பயணியைப் போல அவர் வழியில் நின்றார்.

இதற்கு நேர்மாறான காட்சியும் இரஷ்ய இலக்கிய வரலாற்றில் உண்டு. செக்காவின் நண்பரும், தமிழ் வாசகர்களால் பெரிதும் போற்றப்பட்டவருமான மாக்சிம் கார்க்கி 1929-இல் வெண்கடலிலுள்ள சொலவெத்ஸ்கி தீவு முகாமுக்குச் சென்றார். அவரோ அழைத்துச் செல்லப்பட்ட விருந்தினர். கண்டதைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கால்வாயை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கைதிகளைக் கொண்டு 1931 முதல் 1933 வரை அரசு வெட்டியது. அதில் மாண்டோர் பல்லாயிரவர். அக்கால்வாயைப் போற்றி 36 எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய நூல் 1934-இல் வெளிவந்தபோது, அதன் பதிப்பாசிரியருள் முதன்மையானவராகக் கார்க்கி இருந்தார். கட்டாய உழைப்பு மனிதனைப் புடம்போடுகிறது என்பதே அந்நூலின் கருத்து.

‘தாய்’ நாவலின் நெருப்பை இதனால் மறுத்துவிட முடியாது. ஏழைக்காகக் கொதித்த உள்ளம் அது. ஆயினும், தாம் நம்பிய கொள்கை ஆட்சிக்கு வந்தபின் அதன் சிறைவாசலில் அவ்வுள்ளம் கேள்வி கேட்கத் தயங்கிற்று. தம் அணியைச் சார்ந்தோர் கட்டிய சிறையின் முன் ஓர் எழுத்தாளன் என்ன செய்கிறான் என்பதே அவனுக்குரிய இறுதிச் சோதனை என்று நாம் கருதுகிறோம். சமயவாதிகளாகிய நமக்கும் அதே சோதனை உண்டு.

சுவரிடுக்கில் நற்செய்தி

சோல்செனித்சின் 1945 பெப்ருவரியில், போர்முனையில் படை அதிகாரியாக இருந்தபோது, நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்தாலினைக் குறைகூறியதற்காகக் கைதானார். எட்டாண்டுச் சிறையும் அதன்பின் நாடுகடத்தலும் அவருக்கு விதிக்கப்பட்டன. 1962-இல் ‘இவான் தெனீசவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்ற குறுநாவல், அன்றைய தலைவர் குருஷேவின் இசைவோடு மாஸ்கோவிலேயே வெளிவந்தது. ‘குலாக் தீவுக்கூட்ட’த்தையோ அவர் 1958 முதல் 1968 வரை மறைவாக எழுத வேண்டியிருந்தது. 200-க்கும் மேற்பட்ட முன்னாள் கைதிகளின் சான்றுகள் அதில் அடங்கியுள்ளன. 1973-இல் அதன் படி ஒன்று காவல்துறையிடம் சிக்கியது. படியெடுத்துக் கொடுத்த பெண்மணி விசாரணைக்குப் பின் தூக்கில் பிணமாகக் கிடந்தார். நூல் பாரிசில் வெளியிடப்பட்டதும், 1974 பெப்ருவரியில் ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார்.

‘குலாக்’ என்பது முகாம்களின் தலைமை நிருவாகம் என்னும் இரஷ்யத் தொடரின் சுருக்கம். நாடெங்கும் சிதறிக்கிடந்த முகாம்களைக் கடலில் தெறித்த தீவுகளாக உருவகித்து, கைது, விசாரணை, இரயில் பயணம், உழைப்பு, சாவு என ஒரு மனிதன் கடக்கும் துறைகளை நூல் வரிசைப்படுத்துகிறது. நாம் பெரிதும் மதிப்பது, ஆசிரியர் தம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இடங்களையே. கைதாகி நடத்திச் செல்லப்படும்போதும், தாம் அதிகாரி என்ற செருக்கில், உடன்வந்த செருமானியக் கைதி ஒருவரைத் தம் பெட்டியைச் சுமக்கச் செய்ததை அவர் மறைக்கவில்லை. சற்று வேறொரு வழியில் திரும்பியிருந்தால் தாமே கொடியோருள் ஒருவராகியிருக்கக்கூடும் என்று அவர் உணர்கிறார். குற்றம் முழுவதும் எதிரணியில் உள்ளது என்னும் எளிய வரலாறு இங்கே தகர்கிறது.

மூன்று நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படும் வேறுபாடு பெரிது. ஜார் காலத்துச் சிறையில் அனுமதிக்கப்பட்டிருந்தது புதிய ஏற்பாடு. இவான் தெனீசவிச்சின் முகாமிலோ, அல்யோஷ்கா என்ற பாப்டிஸ்து சபை இளைஞன் நற்செய்தியில் பாதியைக் கையால் எழுதிய ஏட்டைச் சுவரிடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு சோதனைக்கும் அது தப்புகிறது. தலையணைக்கடியிலிருந்து சுவரிடுக்குக்கு நற்செய்தி இடம்பெயர்ந்த தொலைவே இரு ஆட்சிகளுக்கும் இடையேயான தொலைவு. அளவிலும் ஒப்புமையில்லை. ஆவணங்கள் திறக்கப்பட்ட பின் ஆய்வாளர் கண்டவாறு, 1930 முதல் 1953 வரை முகாம்களிலும் குடியேற்றச் சிறைகளிலும் அடைபட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர். அங்கு இறந்ததாகப் பதிவானோர் மட்டும் 15 இலட்சத்திற்கு மேல். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் அரசின் சொந்தப் பதிவின்படி சுட்டுக் கொல்லப்பட்டோர் 6,81,692 பேர். இரு ஆட்சிகளும் ஒன்றே என்று கூறுவது இறந்தோர்க்கு இழைக்கும் அநீதியாகும்.

கைமாறிய சாவிகள்

எனினும் சாவிகள் கைமாறின என்பதும் உண்மை. பதினைந்தாம் நூற்றாண்டில் துறவியர் நிறுவிய சொலவெத்ஸ்கி மடம், பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஜார் மன்னர்களின் சிறையாகவும் பயன்பட்டு வந்தது. 1923-இல் சோவியத்து அரசு அங்கு முகாம் அமைத்தபோது சிறைக்கூடத்திற்குப் புதிதாகக் கல் அடுக்க வேண்டியிருக்கவில்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் இதே நிழல் உண்டு. கொடிய இவான் மன்னனை ஆலயத்திலேயே கண்டித்த மாஸ்கோவின் தலைமை ஆயர் பிலிப் 1569-இல் கொல்லப்பட்டார். அத்தகைய குரல் மீண்டும் எழாதிருக்க வழிசெய்தவர் மகா பேதுரு. 1721-இல் முதுபெரும் தந்தையின் பதவியை ஒழித்து, அரசு அலுவலர் மேற்பார்வையில் இயங்கும் புனித சினோடு என்ற மன்றத்தை அவர் நிறுவினார். 1722-இன் விதி இன்னும் கொடியது. அரசுக்கெதிரான சதியெண்ணத்தை ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் வெளியிட்டு, அதைக் கைவிட மறுத்தால், குரு அதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்று அது ஆணையிட்டது. ஒப்புரவுத் தொட்டியில் அமரும் குரு எவரும் இவ்விதியைப் பதைப்பின்றிப் படிக்க இயலாது. மனச்சான்றின் கடைசி அறைக்கும் அரசு சாவி கேட்ட நாள் அது. முதுபெரும் தந்தையின் பதவி மீண்டும் ஏற்பட்ட 1917 நவம்பரில், ஆட்சி போல்ஷெவிக்குகளிடம் சென்றிருந்தது. இருநூறு ஆண்டுகள் அரசின் ஓர் அலுவலகமாக இருந்த சபை, மக்களிற் பலரது கண்ணில் ஜாரின் நிழலாகவே தோன்றிற்று. அடி விழுந்தபோது அதன் பக்கம் நிற்கப் பலர் தயங்கினர். ஆனால் அதே சபையிலிருந்துதான் ஆயிரமாயிரம் மறைசாட்சிகள் எழுந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாஸ்கோவை அடுத்த பூத்தோவா களத்தில் 1937-38-இல் சுடப்பட்ட 20,000-க்கும் மேற்பட்டோருள் மரபுவழித் திருச்சபையின் ஆயர்களும் குருக்களும் பலர்.

கிரேக்கக் கத்தோலிக்கரின் கதை இத்தொடர்ச்சியை இன்னும் தெளிவாக்கும். உரோமையோடு ஒன்றித்திருந்த இம்மக்களை 1839-இல் போலத்ஸ்க் சினோடு வழியாக மரபுவழித் திருச்சபையில் சேர்த்தது ஜார் ஆட்சி. போலந்தின் பிரத்துலின் ஊரில், 1874-இல் தங்கள் ஆலயத்தை விட்டுக்கொடுக்க மறுத்துக் கூடிய பொதுநிலையினர் 13 பேர் ஜாரின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996-இல் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார். 1946-இல் லிவிவ் நகரில் ஒரு போலிச் சினோடைக் கூட்டி, உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை முழுவதையும் ஒழித்ததாக அறிவித்தது ஸ்தாலின் ஆட்சி. அதன் தலைவர் யோசிப் ஸ்லிப்பி 1945 முதல் 1963 வரை சிறையிலும் முகாமிலும் நாட்களைக் கழித்தார். கடவுளின் பெயரால் ஆண்டவரும் கடவுளை மறுத்து ஆண்டவரும் ஒரே ஆணையைப் பிறப்பித்தனர்.

நூல்களின் குறைகள்

மூன்று நூல்களும் குறையற்றவை அல்ல. ஓம்ஸ்க் சிறையில் தம்முடன் இருந்த போலந்துக் கத்தோலிக்கக் கைதிகளைத் தஸ்தயேவ்ஸ்கி மதிப்போடு குறிப்பிடினும், அவர்தம் நாட்டின் துயர் அவரது உள்ளத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. அவர்களுள் ஒருவரான சிமோன் தொக்கர்செவ்ஸ்கி தம் நினைவுக் குறிப்பில் இரஷ்யப் பெருமிதம் மிக்கவராகவே அவரைக் காட்டுகிறார். செக்காவின் நூல் பலவிடத்தும் புள்ளிவிவர அறிக்கையாகிக் களைப்பூட்டுகிறது. சோல்செனித்சின், புலம்பெயர்ந்த பேராசிரியர் ஒருவரின் மதிப்பீட்டை ஏற்று, அரசின் கொடுமைக்குப் பலியானோர் ஆறு கோடிக்கும் மேல் என எழுதியதை ஆவணங்கள் உறுதிசெய்யவில்லை. ஜார் காலத்தோடு ஒப்பிடும் ஆர்வத்தில் அக்காலத்தின் கொடுமைகளை அவர் மெலிதாக்கிவிடுகிறார். 1861 வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள் தனியார் உடைமையாக இருந்த நாடு அது என்பதை வாசகர் தாமே நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சிறை தம் ஆன்மாவை வளர்த்ததற்காக அதற்கு நன்றி கூறுகிறார் சோல்செனித்சின். உயிரோடு மீண்டவர் இவ்வாறு சொல்வது எளிது என்று கல்லறையிலிருந்து மறுமொழி எழுவதையும் அவரே பதிவுசெய்கிறார். கொலிமா முகாம்களில் வாடிய வர்லாம் ஷலாமவ் என்ற எழுத்தாளர், முகாமிலிருந்து மனிதன் கற்பதற்கு நல்லது எதுவுமில்லை என்று உறுதியாக மறுத்தார். அவர் ஒரு குருவின் மகன், ஆயினும் நம்பிக்கையற்றவர். அங்கு மனிதத்தன்மையை இழக்காதிருந்தோர் சமயப்பற்றுடையோரே என்று சாட்சி பகர்ந்தவரும் அவரே. துன்பம் புடமிடுகிறது என்று பீடத்திலிருந்து விரைந்து சொல்லும் மறையுரையாளர், சோல்செனித்சினோடு ஷலாமவையும் படித்தல் நலம். பிறர் சுமக்கும் சிலுவையைப் புகழும் உரிமை நமக்கு இல்லை.

பெயர் சொல்லி நினைத்தல்

‘குலாக் தீவுக்கூட்டம்’ 2009 முதல் இரஷ்யப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் பலியானோரின் பெயர்களைப் பல்லாண்டுகள் தேடித் தொகுத்த ‘மெமோரியல்’ என்ற அமைப்பைக் கலைக்குமாறு 2021 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அவ்வமைப்பு நோபல் அமைதிப் பரிசில் பங்குபெற்றது. நூல் பாடமாக இருக்க, பெயர்களைத் தேடுவோர் தடைப்படுவது, கடந்த காலத்தை அடக்கம் செய்யும் நுட்பமான வழி. தனக்கு வேண்டிய பாதியை மட்டும் நினைவிற்கொள்ளும் இவ்வழக்கம் எந்த நாட்டிற்கும், எந்தச் சபைக்கும் வரக்கூடியது.

ஆகவே இரஷ்ய வரலாற்றைக் கற்க விரும்பும் நம் வாசகர்கள், மன்னர் பட்டியலையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் தொடுமுன் இம்மூன்று நூல்களையும் அவை எழுந்த வரிசையிலேயே படிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒன்றைமட்டும் படித்தவர் ஒரு கட்சிக்காரராகிவிடக்கூடும். மூன்றையும் படித்தவர் எந்த ஆட்சியைப் பற்றிக் கேட்டாலும், அதன் சிறையில் யார் இருந்தார், அவரைச் சந்திக்க யார் சென்றார் என்று முதலில் வினவுவார்.

மாஸ்கோவில் காவல்துறைத் தலைமையகத்தின் எதிரே, சொலவெத்ஸ்கி தீவிலிருந்து கொண்டுவந்த ஒரு பாறை 1990-இல் நிறுவப்பட்டது. 2007 முதல் பல ஆண்டுகள் அக்டோபர் 29-ஆம் நாள் மக்கள் அங்கே வரிசையில் நின்று, சுடப்பட்டோரின் பெயர், வயது, தொழில், இறந்த நாள் ஆகியவற்றை ஒவ்வொருவராக வாசித்தனர். பேராசிரியரும் தச்சரும் குருவும் சமையற்காரரும் அப்பட்டியலில் அடுத்தடுத்து நின்றனர். அதற்குச் சில நாட்களுக்குப் பின் நவம்பர் 2-ஆம் நாள் நாமும் கல்லறைத் தோட்டங்களில் நம் இறந்தோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம். அந்நாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பெயர் வாசிக்கப்படாத அக்கைதிகளுக்காகவும் ஒரு செபம் சொல்லுவோம். இரஷ்யாவுக்காக நம் முன்னோர் சொன்ன செபங்களின் தொடர்ச்சியாக அது அமையும்.